ஸ்லிப் ஆகாத ஆட்டோ காடி உண்டா?

தோட்டத்தில் லோரியும் டிராக்டரும் ஓட்டிப் பழகிய ஒருவரிடம் ஓர் ஆட்டோ காடியைக் கொடுத்து ஓட்டச் சொல்லிப் பாருங்கள். முதல் பத்து நிமிடத்துக்கு அவருடைய இடது கால் இல்லாத கிளட்சைத் தேடிக்கொண்டிருக்கும். கால் விரைவில் பழகிவிடும். பழக நாளாவது காதுதான். லோரியில் எஞ்சின் எவ்வளவு இரைகிறதோ அவ்வளவுக்குச் சக்கரமும் சுழலும். ஆட்டோ காடியிலோ மிதித்தவுடன் எஞ்சின் முதலில் இரைகிறது, வண்டி பிறகுதான் புறப்படுகிறது. மேட்டில் இரைச்சல் கூடுகிறது, வேகம் கூடவில்லை. கியர் எப்போது மாறும், ஏன் மாறவில்லை என்பது தெரியாமல் மனம் பதறுகிறது. அந்தப் பதற்றத்தில் பட்டறைக்குப் போனால் நமக்குக் கிடைக்கும் தீர்ப்பு பெரும்பாலும் ஒரே வார்த்தைதான்: "ஸ்லிப்!"

என் மனைவியின் அண்ணன் செம்பனைத் தோட்டம் ஒன்றில் டிராக்டர் ஓட்டுகிறவர். சில ஆண்டுகளுக்கு முன் பழைய ஆட்டோ காடி ஒன்றை வாங்கினார். வாங்கிய இரண்டாம் மாதமே, "மாப்பிள்ளை, காடி கத்துது. அறுபதைத் தாண்டினாலும் கியர் மாற மாட்டேங்குது" என்று வந்து நின்றார். பட்டணத்தில் ஒரு பட்டறையில் காட்டியிருக்கிறார். அங்கே ஒரு சுற்று ஓட்டிப் பார்த்துவிட்டு, "கன்வர்ட்டர் ஸ்லிப் ஆகுது. கியர் பெட்டியோட மாத்தணும். ஹாஃப் கட் போட்டாலும் மூவாயிரம் வெள்ளி" என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். மச்சானின் கையில் மூவாயிரம் இருந்தது உண்மைதான். ஆனால் அது மகளைக் கல்லூரியில் சேர்ப்பதற்காக வைத்திருந்த பணம்.

அந்த வார்த்தையைப் பற்றித்தான் இன்று உங்களோடு பேச விரும்புகிறேன், வாசகர்களே. எந்த ஆட்டோ காடியின் கன்வர்ட்டர்தான் ஸ்லிப் ஆகவில்லை? ஸ்லிப் ஆவதுதான் அதன் வேலையே. எவ்வளவு, எப்போது என்பதல்லவா கேட்க வேண்டிய கேள்வி!

டார்க் கன்வர்ட்டர் என்பதை முறுக்கு விசை மாற்றி என்று தமிழில் சொல்லலாம். எஞ்சினுக்கும் கியர் பெட்டிக்கும் நடுவே, லோரியில் கிளட்ச் இருக்கும் இடத்தில், இது இருக்கிறது. வெளியே பார்த்தால் மூடிய இரும்புப் பூசணிக்காய் மாதிரி இருக்கும். உள்ளே நிறைய எண்ணெய். அந்த எண்ணெயில் ஒன்றையொன்று பார்த்தபடி இரண்டு விசிறிகள். வீட்டில் இரண்டு மேசை விசிறிகளை எதிரெதிரே வைத்து ஒன்றை மட்டும் முடுக்கிவிடுங்கள். அதன் காற்றில் மற்றதும் மெல்லச் சுழலத் தொடங்கும். காற்றுக்குப் பதிலாக எண்ணெய் என்று எண்ணிக்கொள்ளுங்கள், அவ்வளவுதான். எஞ்சின் சுழற்றும் விசிறி எண்ணெயை வீசுகிறது. அந்த வீச்சில் சுழலும் இரண்டாவது விசிறி கியர் பெட்டியைச் சுழற்றுகிறது. இரண்டுக்கும் நடுவே இரும்புப் பிணைப்பு எதுவும் இல்லை.

பிணைப்பு இல்லாததால், எஞ்சின் வண்டியை இழுக்கும்போது இரண்டாவது விசிறி முதலாவதைவிடச் சற்றுக் குறைவாகவே சுழலும். அந்தக் குறைவுதான் ஸ்லிப், அதாவது வழுக்கல். விளக்குக் கம்பத்தில் சிவப்பு விளக்குக்காக நிற்கிறீர்கள். கியர் 'டி'யில் இருக்கிறது, கால் பிரேக்கில் இருக்கிறது. முதல் விசிறி சுழல்கிறது, இரண்டாவது அசையவில்லை. அப்போது வழுக்கல் நூற்றுக்கு நூறு. எஞ்சின் அணையாமல் இருப்பதற்குக் காரணமே அந்த வழுக்கல்தான். மேட்டில் நின்ற லோரியை ஹாஃப் கிளட்ச் போட்டு எடுப்பார்களே, அதே வேலையை இங்கே எண்ணெய் செய்கிறது. லோரியில் தட்டு கருகும் வாடை வரும். இங்கே எண்ணெய் சூடாகும்.

இன்னொரு நன்மையும் உண்டு. இரு விசிறிகளுக்கும் நடுவே மூன்றாவதாக ஒரு சிறு சக்கரம் இருக்கிறது. ஸ்டேட்டர் என்பார்கள். இரண்டாவது விசிறியில் மோதித் திரும்பும் எண்ணெயின் திசையை அது திருப்பி, முதல் விசிறிக்கு உதவியாக அனுப்புகிறது. இதனால் வண்டி நின்ற நிலையிலிருந்து புறப்படும்போது எஞ்சினின் முறுக்கு ஏறத்தாழ இரண்டு மடங்காகப் பெருகிக் கியர் பெட்டிக்குப் போகிறது. வழுக்கல் குறையக் குறைய இந்தப் பெருக்கமும் குறைந்து, இரு விசிறிகளும் ஏறக்குறைய ஒரே வேகத்தை எட்டும்போது நின்றுவிடுகிறது. வழுக்கல் முழுக்க நட்டம் என்று எண்ணிவிட வேண்டாம். மேட்டில் நமக்குத் தள்ளிவிடும் கையும் அதுவே.

இதைக் கண்டுபிடித்தவர் ஹெர்மன் ஃபோட்டிங்கர் என்ற ஜெர்மன் பொறியாளர். 1905-இல் காப்புரிமை பெற்றார். காருக்காக அல்ல, கப்பலுக்காக! கார் உலகத்துக்கு இது பரவலாக வந்தது பிறகுதான். 1948-இல் அமெரிக்காவில் பியூக் கம்பெனி 'டைனாஃப்ளோ' என்ற கியர் பெட்டியை வெளியிட்டது. அதில் ஒரு வேடிக்கை. சாதாரண ஓட்டத்தில் அது கியரே மாற்றாது. புறப்படுவதிலிருந்து வேகமாக ஓடுவது வரை எல்லாவற்றையும் கன்வர்ட்டரின் வழுக்கலே பார்த்துக்கொண்டது. வண்டி வெண்ணெய் போல் வழுவழுவென்று போனது. ஆனால் எஞ்சின் இரைந்துகொண்டே இருந்தது, பெட்ரோலும் தாராளமாகச் செலவானது. வழுக்கலை மட்டும் நம்பினால் கியர் மாறும் இடமே இல்லாமல் போகலாம் என்பதற்கு அது நல்ல சாட்சி. இன்றைய கார்களில் இரண்டும் கலந்திருக்கின்றன. அதனால்தான் நம் காது குழம்புகிறது.

இப்போது கொஞ்சம் கணக்குப் போடுவோம். வாத்தியார் கணக்கு இல்லாமல் விடமாட்டார் என்று சிரிக்காதீர்கள். சிறிய கணக்குதான்.

உங்கள் கார் மூன்றாம் கியரில் மணிக்கு 60 கிலோமீட்டர் ஓடும்போது, கியர் பெட்டிப் பக்கத்து விசிறி நிமிடத்துக்கு 2,000 சுற்றுச் சுற்றுகிறது என்று வைத்துக்கொள்வோம். சமதரையில், மெல்ல மிதித்து ஓட்டும்போது வழுக்கல் நூற்றுக்கு 5 என்றால் எஞ்சின் ஏறத்தாழ 2,100 சுற்ற வேண்டும். அதே 60-இல், அதே மூன்றாம் கியரில், ஐந்து பேரை ஏற்றிக்கொண்டு மேடு ஏறுகிறீர்கள். வழுக்கல் நூற்றுக்கு 20 ஆகிறது. எஞ்சின் 2,500 சுற்றுகிறது. வேகம் மாறவில்லை, கியர் மாறவில்லை, இரைச்சல் மட்டும் மாறிவிட்டது. லோரிக்காரர் காதுக்கு இது கியர் இறங்கிவிட்டது போலவோ, கிளட்ச் தேய்ந்துவிட்டது போலவோ கேட்கும். இரண்டும் இல்லை.

சரி, கியர் மாறும் நேரத்தைத் தீர்மானிப்பது யார்? பழைய கியர் பெட்டிகளில் இரண்டு சாட்சிகளைக் கேட்டுத்தான் தீர்ப்பு. முதல் சாட்சி சாலை வேகம். கியர் பெட்டியின் வெளிப்புறத் தண்டில் கவர்னர் என்ற கருவி சுழல்கிறது. மாலையானால் லயத்துக்கு விளக்குக் கொடுத்த பழைய தோட்டத்து எஞ்சினைப் பார்த்தவர்களுக்குக் கவர்னர் புதிதல்ல. சுழலச் சுழல வெளியே விரியும் எடைகள்தான். வண்டி வேகம் கூடக் கூட இது எண்ணெய் அழுத்தத்தைக் கூட்டி, "அடுத்த கியருக்குப் போ" என்று தள்ளுகிறது. இரண்டாவது சாட்சி உங்கள் வலது கால். எண்ணெய் மிதி என்று நாம் சொல்லும் ஆக்சலரேட்டரை எவ்வளவு அழுத்துகிறீர்கள் என்பதை ஒரு கம்பி வழியாகக் கியர் பெட்டி தெரிந்துகொள்கிறது. கால் அழுத்த அழுத்த, "பொறு, இன்னும் பாரம் இருக்கிறது, மாறாதே" என்று அது எதிர்ப்பக்கம் தள்ளுகிறது. இந்த இழுபறியில் எப்போது சாலை வேகம் வெல்கிறதோ, அப்போது கியர் மாறும்.

கவனித்தீர்களா? எஞ்சின் எத்தனை சுற்றுச் சுற்றுகிறது என்று அது கேட்கவே இல்லை. கன்வர்ட்டர் எவ்வளவு வழுக்குகிறது என்றும் கேட்கவில்லை. ஆகவே வழுக்கல் கூடினால் கியர் மாறும் சாலை வேகம் நேரடியாக மாறுவதில்லை. மாறுகிற நொடியில் எஞ்சின் எவ்வளவு உயர்ந்திருக்கிறது என்பதுதான் மாறும். பாதி மிதியில் இரண்டிலிருந்து மூன்றுக்கு 50 கிலோமீட்டரில் மாறும் வண்டி, வழுக்கல் குறைவோ கூடுதலோ, அதே மிதிக்கு அதே 50-இல்தான் மாறும். ஒரு நாள் 3,100 சுற்றில் மாறியது போலவும், மறுநாள் 3,500 சுற்றில் மாறியது போலவும் நமக்குத் தெரியும்.

ஆனால் சுற்றுவழியில் வழுக்கல் தன் வேலையைக் காட்டத்தான் செய்கிறது, அதுவும் நம் கால் மூலமாக. வழுக்கல் கூடிய வண்டி மந்தமாக இழுக்கும். மந்தமாக இழுத்தால் நாம் என்ன செய்வோம்? இன்னும் மிதிப்போம். மிதித்தால் இரண்டாம் சாட்சி உரக்கப் பேசும். 50-இல் மாற வேண்டிய கியர் 65-இல், 70-இல் மாறும். "கியர் தாமதமாக மாறுகிறது" என்று நாம் புகார் சொல்கிறோம். தாமதப்படுத்தியது நம் கால். காலைத் தூண்டியது வழுக்கல்.

கியர் மாறிய பிறகும் ஒரு குழப்பம் உண்டு. இரண்டிலிருந்து மூன்றுக்குப் போகும்போது, கணக்குப்படி 3,000-இலிருந்து 2,000-க்கு இறங்க வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். கியர் பெட்டிப் பக்கத்து விசிறி 2,000-க்கு இறங்கிவிடும். ஆனால் உயர்ந்த கியரில் பாரம் அழுத்துவதால் கன்வர்ட்டர் அதிகம் வழுக்கி, எஞ்சின் 2,300-இல் நிற்கக்கூடும். இறக்கம் சிறியதாகக் கேட்பதால் "மூன்றாவது விழவே இல்லை" என்கிறார்கள். விழுந்துவிட்டது. அந்த வழுக்கல்தான் கியர் மாறும் குலுக்கலைப் பஞ்சு போல் வாங்கிக்கொண்டது.

மேட்டில்தான் இது தொல்லையாகிறது. தாப்பாவிலிருந்து ரிங்லெட் வழியாகத் தானா ராத்தாவுக்கு ஏறும் சாலையை எண்ணிப் பாருங்கள். வளைவுக்கு வளைவு பாரம் மாறுகிறது. வளைவில் காலை எடுக்கிறோம், உடனே உயர்ந்த கியர் விழுகிறது. வளைவு முடிந்ததும் மேடு. உயர்ந்த கியரில் வழுக்கல் கூடி வண்டி தளர்கிறது. மிதிக்கிறோம், கியர் இறங்குகிறது, வேகம் வருகிறது. காலைத் தளர்த்துகிறோம், மறுபடி ஏறுகிறது. ஏறுவதும் இறங்குவதுமாகக் கியர் பெட்டி அலைந்துகொண்டே இருக்கும். ஒவ்வொரு அலைச்சலுக்கும் எண்ணெய் சூடாகிறது. இதற்கு மருந்து எளிது. நெம்புகோலை 3-இலோ 2-இலோ வைத்துவிடுங்கள். ஓ.டி. பொத்தான் உள்ள வண்டியில் அதை அணைத்துவிடுங்கள். எஞ்சின் இரையும்தான். ஆனால் தாழ்ந்த கியரில் விசிறிகள் இரண்டும் நெருங்கிச் சுழல்வதால் வழுக்கலும் சூடும் குறைகின்றன. மேட்டில் வரிசையில் நிற்கும்போது பிரேக்கைப் போடாமல் எண்ணெய் மிதியை அழுத்தியே வண்டியைப் பிடித்து வைப்பார்கள் சிலர். அந்த நேரத்தில் எஞ்சின் கொடுக்கும் சக்தி முழுவதும் சூடாகத்தான் போகிறது. தயவுசெய்து செய்யாதீர்கள்.

ஓரளவு புதிய கார்களில் லாக்-அப் என்று ஒன்று சேர்ந்திருக்கிறது. அமெரிக்காவின் பாக்கார்ட் கம்பெனி 1949-லேயே போட்டுப் பார்த்தது. 1970-களில் பெட்ரோல் விலை ஏறிய பிறகுதான் அது பரவியது. வேகம் சீரானதும் ஒரு தட்டு வந்து இரு விசிறிகளையும் ஒன்றாகப் பூட்டிவிடும். வழுக்கல் பூஜ்யம். நம் கணக்கில் 2,100-இல் இருந்த எஞ்சின் 2,000-க்கு இறங்கும். இது காதுக்கு இன்னொரு கியர் மாறியது போலவே கேட்கும். நான்கு கியர் வண்டியில் ஐந்து கியர் இருப்பதாக எண்ணுகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். சிறிது மிதித்தால் பூட்டு விடுபட்டு எஞ்சின் சட்டென உயரும். அதுவும் கியர் இறங்கியதல்ல, வழுக்கல் திரும்பி வந்தது, அவ்வளவே.

கணினி வைத்த கார்களில் கவர்னருக்கும் கம்பிக்கும் பதிலாக மின் உணர்விகள் இருக்கின்றன. எஞ்சின் சுழற்சியையும் கியர் பெட்டிக்குள் போகும் சுழற்சியையும் ஒப்பிட்டு, வழுக்கல் எவ்வளவு என்பதைக் கணினி நொடிக்கு நொடி அறியும். அங்கே வழுக்கல் மூன்றாவது சாட்சியாகிவிட்டது. பூட்டச் சொல்லியும் வழுக்கல் இருந்தால் எச்சரிக்கை விளக்கை எரியவிடும். எண்ணெய் அளவுக்கு மீறிச் சூடானால் கியர் மாறும் நேரத்தையும் பூட்டும் நேரத்தையும் மாற்றிக்கொள்ளும் கார்களும் உண்டு. 2021-இன் இறுதியில் மைவி நான்கு கியர் பெட்டியை விட்டு சி.வி.டி.க்கு மாறியது. அந்த சி.வி.டி.யின் முன்னாலும் டார்க் கன்வர்ட்டர் உட்கார்ந்திருக்கிறது. ஆகவே புது வண்டிக்காரர்களும் இந்தப் பக்கத்தைத் தள்ளிவிட வேண்டாம்.

இனி, கெட்ட வழுக்கல் எது? அது பெரும்பாலும் கன்வர்ட்டரில் இல்லை. கியர் பெட்டிக்குள் ஒவ்வொரு கியரையும் பிடிக்கும் தட்டுகளில் இருக்கும். கியர் மாறும் அந்த நொடியில் பிடிமானம் விட்டுப்போன மாதிரி எஞ்சின் வீறிட்டு எழும்பி, பிறகு திடுமெனக் கியர் பிடித்தால், தட்டு வழுக்குகிறது என்று பொருள். அதை அளவுகோல் எண்ணெயே காட்டிக்கொடுக்கும். நல்ல எண்ணெய் பெரும்பாலும் சிவப்பாகத் தெளிவாக இருக்கும். கறுத்துக் கருகிய வாடை அடித்தால் தட்டு எரிந்திருக்கிறது. கன்வர்ட்டரின் இயல்பான வழுக்கலோ திடுமென வராது. கால் அழுத்தத்தோடு சேர்ந்து ஏறி, காலை எடுத்தால் அடங்கிவிடும். கன்வர்ட்டரே கெடுவதும் உண்டு. ஸ்டேட்டரின் ஒருவழிப் பிடி உடைந்து அது இரு பக்கமும் சுழன்றால், முறுக்குப் பெருக்கம் போய்விடும். நின்ற இடத்திலிருந்து வண்டி நத்தை போலப் புறப்படும். வேகம் வந்த பிறகு ஒழுங்காக ஓடும். எண்ணெய் குறைந்திருந்தாலோ எல்லா வழுக்கலும் ஒன்றாக வரும். அதனால் முதலில் எண்ணெயைப் பார்ப்பதுதான் முறை. சில கார்களில் எஞ்சின் ஓடிச் சூடான பிறகு அளக்க வேண்டும், சிலவற்றில் வேறு விதம். சிலவற்றில் அளவுகோலே இருக்காது. உங்கள் காரின் கையேட்டில் உள்ளபடி செய்யுங்கள். இன்னொன்று, பல கார்களில் கியர் எண்ணெய் ரேடியேட்டரில்தான் குளிர்கிறது. ரேடியேட்டரில் தண்ணீர் குறைந்தால் கியர் பெட்டியும் வேகும்.

மச்சான் கதைக்கு வருகிறேன். பணத்தைக் கொடுப்பதற்கு முன்னால் இன்னொருவரிடம் காட்டலாம் என்று, எங்கள் பக்கத்துச் சிற்றூரில் தனியாகப் பட்டறை வைத்திருக்கும் ஒரு வயதான போர்மெனிடம் போனோம். அவர் முதலில் எண்ணெயைத் தொட்டுப் பார்த்தார், முகர்ந்து பார்த்தார். "நல்லாத்தானே இருக்கு" என்றார். பிறகு சமதரையில் ஓட்டினார். லேசாகத்தான் மிதித்தார். அறுபதைத் தாண்டியும் கியர் மாறவில்லை. காலை முழுவதும் எடுத்தார். உடனே 'டக்'கென்று மாறியது. எஞ்சின் வீறிடவில்லை, பிடி உறுதியாக இருந்தது. அவர் வண்டியை ஓரம் கட்டி, முன் மூடியைத் திறந்தார்.

முன்பு வைத்திருந்தவர் கார்புரேட்டரை மாற்றியிருக்கிறார். மாற்றியவர்கள், கியர் பெட்டிக்குப் போகும் அந்தக் கம்பியை அளவுக்கு மேல் இழுத்துக் கட்டியிருக்கிறார்கள். மச்சான் கால் வைத்ததோ கால்வாசி மிதி. கம்பி போய்ச் சொன்னதோ முக்கால்வாசி மிதி. பொய்ச் சாட்சியை நம்பிக் கியர் பெட்டி காத்துக்கொண்டே இருந்திருக்கிறது! போர்மென் கம்பியைச் சரியான அளவுக்குத் தளர்த்தினார். "ரொம்பத் தளர்த்தினாலும் ஆபத்து. சீக்கிரம் மாறும், பிடிமானம் மெலிஞ்சு தட்டு எரிஞ்சிடும்" என்று சொல்லிக்கொண்டே அளந்துதான் தளர்த்தினார். கூலியாக முப்பது வெள்ளி வாங்கிக்கொண்டார்.

"ஸ்லிப் இல்லையா அண்ணே?" என்று மச்சான் கேட்டார்.

"இருக்கு. எல்லா ஆட்டோவிலேயும் இருக்கு" என்றார் அவர்.

மகள் கல்லூரியில் சேர்ந்த பிறகு அதே காரில் கேமரன் மலைக்குப் போனோம். ஏறும்போது லாத்தா இஸ்கந்தர் நீர்வீழ்ச்சி அருகில் நிறுத்தி, எங்களோடு கியர் எண்ணெயையும் சற்று ஆறவிட்டோம். இறக்கத்தைப் பற்றித்தான் எனக்குக் கவலை இருந்தது. இறக்கத்தில் கியர் பெட்டி அந்த இரண்டு சாட்சிகளைக் கேட்டால் என்ன ஆகும் என்று நீங்களே சொல்லுங்கள். சாலை வேகம் கூடுகிறது, கால் மிதியில் இல்லை. "பாரமே இல்லை, மேல் கியருக்குப் போ" என்றுதான் தீர்ப்பாகும். மேல் கியரில் எஞ்சின் வண்டியைப் பிடித்து நிறுத்தாது. எல்லாப் பாரமும் பிரேக்கின் தலையில் விழும். நீண்ட இறக்கத்தில் பிரேக் காய்ந்து பிடி விட்டுப்போவது இப்படித்தான். மலைச் சாலைகளில் தாழ்ந்த கியரைப் பயன்படுத்தச் சொல்லி பலகை வைத்திருக்கிறார்களே, அது லோரிகளுக்கு மட்டும் அல்ல.

மச்சான் மலை இறங்கத் தொடங்கும் முன்பே வேகத்தைக் குறைத்து நெம்புகோலை 2-இல் போட்டார். எஞ்சின் ஓவென்று இரைந்தது. பின்னால் உட்கார்ந்திருந்த என் மாமியார் பயந்துபோய், "ஏண்டா, மறுபடியும் கியர் கெட்டுப் போச்சா?" என்றார்.

"இரையட்டும்மா. இப்ப அதுதான் நம்ம பிரேக்கு" என்றார் மச்சான், கண்ணைச் சாலையிலிருந்து எடுக்காமல்.